பட்டறைப் பதில்கள்: முதலில் டேங்கின் கழுத்தைப் பாருங்கள்

போன இதழில் தீயணைப்பு சிலிண்டரைத் தவணைக்குப் பரிசோதிப்பது பற்றிய ஒரு பதிலின் நடுவே, "பெயின்ட்பால் டேங்குக்கும் இதே கதைதான்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதப் பக்கம் முழுக்க. கொழும்பில் இத்தனை பேர் சாயக் குண்டு அடித்து விளையாடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. என்னை இதற்குள் இழுத்துவிட்டவன் என் அக்காவின் மகன். ஷார்ஜாவில் சிலிண்டர் பரிசோதிக்கும் இடமொன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். திரும்பி வந்து கிராண்ட்பாஸில் இந்தச் சின்னப் பட்டறை. விளையாட்டு எனக்கு வராது. ஒரே ஒரு தரம் அவனோடு போய், இரண்டாவது நிமிடமே முதுகில் மஞ்சள் வாங்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தவன் நான். ஆனால் டேங்க் தெரியும்.

விளையாடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜெலட்டின் தோலுக்குள் சாயம் வைத்த, 17 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள உருண்டையைத் தள்ளிவிடுவது அழுத்திய காற்று. அந்தக் காற்று இருக்கும் போத்தல்தான் டேங்க். அதன் தலையில் ஒரு ரெகுலேட்டர். உள்ளே 3000 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தாலும் மார்க்கருக்கு, அதாவது குண்டை அடிக்கும் கருவிக்கு, போவது 800 அளவில்தான். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவர்: நானும் மூன்று நண்பர்களும் சொந்தமாக மார்க்கர் வாங்கிவிட்டோம் ஐயா. டேங்க் மட்டும்தான் பாக்கி. 48/3000 அலுமினியம் வாங்குவதா, 68/4500 கார்பன் ஃபைபர் வாங்குவதா? பார்த்த வீடியோ எல்லாவற்றிலும் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்கிறார்கள்.

அந்த வீடியோ போடுகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள் தம்பி. அங்கே மைதானத்திலேயே 4500 வரை நிரப்பும் கம்ப்ரசர் நிற்கும். நீங்கள் இருப்பது வெள்ளவத்தையில். ஆகவே எந்த டேங்க் என்று கேட்பதற்கு முன், இதற்குக் காற்று நிரப்பித் தரப் போவது யார் என்று கேளுங்கள்.

முதல் எண் உள்ளே எவ்வளவு இடம் என்பதைச் சொல்கிறது, கன அங்குலக் கணக்கில். 48 என்றால் 0.79 லீற்றர், 68 என்றால் 1.1 லீற்றர். இரண்டாவது எண் எந்த அழுத்தம் வரை நிரப்பலாம் என்பது. 3000 பிஎஸ்ஐ ஏறத்தாழ 207 பார், 4500 ஏறத்தாழ 310 பார். கல்கிசை, நீர்கொழும்புப் பக்கம் கடலில் மூழ்குகிறவர்களுக்குக் காற்று நிரப்புகிறார்களே, உங்களுக்கும் பெரும்பாலும் அவர்கள்தான் வழி. அவர்களுடைய சிலிண்டர் 200 பார் சமாசாரம். கம்ப்ரசரும் அதற்குத் தோதாகத்தான் வைக்கப்பட்டிருக்கும். உங்கள் 4500 டேங்க் அங்கே போனால் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பித் திரும்பி வரும்.

அதற்காக 68 வீண் என்று சொல்லவில்லை. 200 பாரில் நிறுத்தினால்கூட அதற்குள் 220 லீற்றருக்கு மேல் காற்றுப் போகும். 48இல் 157 லீற்றர்தான். கையில் தூக்கினாலும், மெல்லிய போத்தலின் மேல் கரி நூலைப் பிசினோடு சுற்றிச் செய்த கார்பன் ஃபைபர்தான் இலேசு. ஆனால் அதற்கு ஆயுள் உண்டு. அமெரிக்க முத்திரை உள்ளதென்றால் செய்த நாளிலிருந்து 15 வருடம், அதற்குப் பிறகு பரிசோதனையே கிடையாது, கழிவுதான். அலுமினியம் அப்படியில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனையில் தேறிக்கொண்டே இருக்கும் வரை ஓடும். விலையும் குறைவு. ஒரு 48/3000 நிறைந்திருந்தால் 450, 500 குண்டு அடிக்கலாம். சனிக்கிழமை பின்னேரம் நாலு பேர் விளையாட அது போதும். முதல் டேங்க் என்றால் நான் 48 அலுமினியத்தைத்தான் கையில் தருவேன்.

நாலு பேர் என்பதால் இன்னொன்றும் செய்யலாம். ஆளுக்கொரு டேங்கைத் தூக்கிக்கொண்டு அலையாமல், ஒரு மூழ்கும் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து, குழாயும் அழுத்தம் காட்டும் கேஜும் காற்றை வெளியேற்றும் திருகும் உள்ள நிரப்பும் இணைப்பு ஒன்றைக் கூட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். மைதானத்தில் வைத்தே நிரப்பலாம். ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 11 லீற்றர் சிலிண்டரில் 200 பார் இருக்கிறது. வெறும் 48 டேங்கைப் பொருத்தித் திறந்தால் இரண்டும் சமமாகி 187 இல் நிற்கும். அடுத்தவருக்கு 174. மூன்றாமவருக்கு 163. நாலாமவர் 152. யார் முதலில் நிரப்புவது என்று சண்டை பிடிக்காமல் வாரா வாரம் மாறிக்கொள்ளுங்கள். பாதி காற்று மிச்சமிருக்கும் டேங்கைக் கடைசிக்கு விடுங்கள். அதற்கு அதிகம் தேவைப்படாது.

மெதுவாக நிரப்புங்கள். திருகைப் படாரென்று திறந்தால் டேங்க் சூடாகும், கேஜ் 200 காட்டும், சந்தோஷமாகக் கழற்றி வைப்பீர்கள், தேநீர் குடித்து முடிப்பதற்குள் முள் 180க்கு வந்திருக்கும். காற்று எங்கும் ஓடவில்லை, ஆறிவிட்டது. ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள். கையால் தொட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், சுடக்கூடாது.

மேற்குக் கரையில் மூழ்கும் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். மே வந்து கடல் குமுறத் தொடங்கினால் சிலர் கடையைப் பூட்டிவிட்டுத் திருகோணமலைப் பக்கம் போய்விடுவார்கள். அதையும் விசாரித்துக்கொண்டு வாங்குங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாயார்: என் மகன் அந்த டேங்கைத் தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறான். 2021 கடைசியில் காஸ் சிலிண்டர் வெடித்த செய்திகளைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சிலிண்டர் என்றாலே நெஞ்சு படபடக்கிறது. அதை வீட்டில் வைக்கலாமா, தூக்கி எறியச் சொல்லட்டுமா?

எறிய வேண்டாம் அக்கா. உங்கள் பயத்தில் பாதி நியாயம், பாதி வேறு சாமானைப் பற்றியது. சமையல் காஸ் எரியும். கசிந்தால் குசினியின் தரையோடு படிந்து நிற்கும், ஒரு சுவிட்ச் போட்டாலே பற்றிக்கொள்ளும். மகனுடைய டேங்கில் இருப்பது நீங்களும் நானும் மூச்சு விடுகிற அதே காற்று. கசிந்தால் சத்தம் வரும், அவ்வளவுதான்.

மற்றப் பாதியைச் சொல்லாமல் விட்டால் பிழை. காஸ் சிலிண்டருக்குள் அழுத்தம் பத்து பாருக்குள்தான். மகனுடைய சின்னப் போத்தலில் 200. எரியாது, ஆனால் தலை கழன்றால் வெடி போலப் பறக்கும். அது தானாகக் கழன்றுகொள்வதில்லை. பையன்கள் கழற்றுகிறார்கள். அமெரிக்காவில் இதே விளையாட்டின் கரியமில வாயு டேங்குகளில் வால்வு கழன்று பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். மார்க்கரிலிருந்து டேங்கைத் திருகிக் கழற்றும்போது போத்தலும் அதன் தலையும் ஒன்றாகச் சேர்ந்து சுழல வேண்டும். தலை மார்க்கரிலேயே இறுகி நிற்க, போத்தல் மட்டும் சுழன்றால் உள்ளேயிருக்கும் 200 பாரையும் அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

இதற்கு நீங்களே ஒரு வேலை செய்யலாம். உங்கள் மேசை லாச்சியில் கியூடெக்ஸ் இருக்கும்தானே, நல்ல சிவப்பாக ஒன்றை எடுங்கள். டேங்கின் கழுத்தில், போத்தல் முடிந்து தலை தொடங்கும் இடத்தைக் குறுக்கே வெட்டினாற்போல மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். பாதிக் கோடு போத்தலில், பாதி தலையில். காய விடுங்கள். இனி ஒவ்வொரு தரம் கழற்றும்போதும் அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோடு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும், இறுக்கிச் சரிபண்ணக்கூட முயலக்கூடாது, மார்க்கரோடு அப்படியே தெரிந்த ஆளிடம் கொண்டுபோக வேண்டும். என் மருமகனுடைய டேங்கிலும் இதே கோடு இருக்கிறது. அவனுடைய தங்கச்சியின் கியூடெக்ஸ். நிறம் ஊதா.

கட்டிலுக்குக் கீழே வைப்பதில் ஆபத்தில்லை. ஆனால் பாதிக் கொழும்பும் சாமானைத் தள்ளுகிற இடம் அது. ஒரு இரும்புப் பெட்டி உரசினால் போதும். அலுமாரியின் அடித்தட்டில் ஒரு துவாயில் சுற்றிப் படுக்க வைக்கச் சொல்லுங்கள்.

தெஹிவளையிலிருந்து: இணைய விளம்பரம் பார்த்து ஒரு பழைய கார்பன் ஃபைபர் டேங்க் வாங்கப் போகிறேன். பாதி விலை. "ஒரு பிரச்சினையும் இல்லை, நிரப்பிக் காட்டுகிறேன்" என்கிறார் விற்பவர். வேறு என்ன பார்க்க வேண்டும்?

நிரப்பிக் காட்டுவது ஒரு சான்றே இல்லை. பழுதான டேங்கும் நிரம்பும், கடைசித் தடவை வரை.

திகதியைப் பாருங்கள். அலுமினியத்தில் அது கழுத்துக்குக் கீழே, தோள்பகுதியில், உலோகத்திலேயே குத்தியிருக்கும். அமெரிக்க முத்திரையானால் டிஓடி, கனடாவென்றால் டிசி, ஐரோப்பாவென்றால் கிரேக்க எழுத்தான பை (π). அமெரிக்க அலுமினியத்தில் 3ஏஎல் என்றும் 3000 என்றும் இருக்கும். பிறகு ஒரு மாதம், ஒரு குறி, ஒரு வருடம். அதுதான் கடைசியாகப் பரிசோதித்த நாள். கார்பன் ஃபைபரில் குத்த முடியாது. பிசினுக்கு அடியில் ஒரு லேபிள் பளபளவென்று தெரியும், அதில் வாசிக்கலாம். லேபிளை வாசிக்க முடியவில்லை என்றால் வாங்காதீர்கள். உறை போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுங்கள்.

இதை எனக்குப் படிப்பித்தது ஒரு ஸ்டிக்கர்தான். மருமகன் இரண்டு வருடத்துக்கு முன் இப்படித்தான் ஒன்றைப் பெருமையாகக் கொண்டுவந்தான். யாரிடம் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பக்கம் பெரிதாக மண்டையோட்டுப் படம் ஒட்டியிருந்தது. எனக்கு அந்த மண்டையோடு பிடிக்கவில்லை. தங்கச்சியின் தலைமயிர் காயவைக்கும் யந்திரத்தை வாங்கி, சூடு காட்டி மெதுவாக உரித்தேன். அடியில் ஒரு ஐந்து சதக் காசு அகலத்துக்குப் பிசின் வெள்ளையாக நொறுங்கி, அதற்குள் கறுப்பு நூல்கள் பிரிந்து, பழைய தும்புத்தடி போல நுனி காட்டிக்கொண்டு நின்றன. எங்கோ கல்லில் விழுந்திருக்கிறது. லேபிளில் 2008. பதினைந்து வருடமும் முடிந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காற்றை வெளியேற்றி, ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, கழுத்து மரையை அறுத்து வைத்தேன், இனி ஒருவனும் அதை நிரப்பாதபடி. இப்போது அது பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

மேல் பிசினில் நகம் தட்டுப்படாத கீறல்கள் பரவாயில்லை. நகம் விழுகிற கீறல், வெள்ளையாகப் பூத்த இடம், நூல் பிரிந்த இடம், எரிந்த அடையாளம், தின்னர் பட்டு மங்கிய இடம் எதுவும் பரிசோதகர் கண்ணில் படாமல் நிரப்பப்படக்கூடாது.

இந்தப் பரிசோதனையைப் பலர் ஏதோ காகிதச் சடங்கு என்று நினைக்கிறார்கள். நான் ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன், சொல்கிறேன். சிலிண்டர் நிறையத் தண்ணீர் விட்டு, அதைத் தண்ணீர் நிறைந்த இன்னொரு தடித்த பாத்திரத்துக்குள் இறக்கி மூடுவோம். பிறகு உள்ளே அழுத்தம் ஏற்றுவோம். 3000 டேங்குக்கு 5000 வரை. சிலிண்டர் வீங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது வீங்கிய அளவுக்கு வெளியிலிருக்கும் தண்ணீர் ஒரு கண்ணாடிக் குழாயில் ஏறும். அழுத்தத்தை விட்டதும் இறங்கும். பந்தியில் உண்ட வயிறு மாதிரி. நல்ல உலோகம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும், களைத்த உலோகம் கொஞ்சம் வீங்கியபடியே நின்றுவிடும். அலுமினியத்தில் அப்படி நின்றுவிட்ட அளவு மொத்த வீக்கத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கழிவு. தண்ணீரில் செய்வது ஏன் என்றால், தண்ணீர் அழுங்காது, ஆகவே சிலிண்டர் பிளந்தாலும் ஒரு டப் என்ற சத்தத்தோடு முடியும். காற்றில் செய்தால் கூரை போய்விடும்.

கொழும்பில் இதை எங்கே செய்விப்பது என்று கேட்கப் போகிறீர்கள். மூழ்கும் கடைக்காரர்களுடைய சிலிண்டருக்கும் தவணைப் பரிசோதனை உண்டு. அவர்கள் எங்கே கொடுக்கிறார்களோ, அங்கேயே உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மருதானையிலிருந்து: எங்கள் வீட்டுக்குப் பக்கத்து டயர்க் கடையில் பெரிய கம்ப்ரசர் இருக்கிறது. அங்கே நிரப்பலாமா?

டயர்க் கடை கம்ப்ரசர் பத்து பார் அளவுக்குத் தள்ளும். உங்கள் டேங்குக்கு வேண்டியது 200. குளத்தை அகப்பையால் நிரப்புவது மாதிரிகூட இல்லை, அகப்பை குளத்துக்குள் போகவே போகாது. பக்கத்தில் வெல்டிங் கடை இருந்தால் அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். அங்கே இருப்பது ஒட்சிசன். அதை இந்த டேங்கில் ஏற்றினால் உள்ளே இருக்கும் ஒரு துளி கிரீஸ் போதும், தீப்பிடிக்க. விளையாட்டுக்கும் செய்யாதீர்கள்.

வத்தளையிலிருந்து: என்னிடம் இருப்பது பழைய 20 அவுன்ஸ் கரியமில வாயு டேங்க். காலையில் நேராகப் போகும் குண்டு மத்தியானம் எங்கேயோ பறக்கிறது. மார்க்கரில் பிழையா?

மார்க்கரில் பிழையில்லை. பிழை வெயிலில். அதிலும் கொழும்பு வெயிலில்.

கரியமில வாயு டேங்குக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். அது ஆவியாகி வருகிற அழுத்தத்தில்தான் குண்டு ஓடுகிறது. 20 பாகையில் அது 57 பார். 31 பாகையில் 74. அந்த 31 பாகைதான் அந்த வாயுவின் எல்லைக்கோடு. அதற்கு மேல் திரவம், ஆவி என்ற பேதமே இல்லாமல் போய், எவ்வளவு நிரப்பியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். நம்முடைய பகல் அந்தக் கோட்டின் மேலேயே நின்று விளையாடுகிறது. குளிர்நாட்டு ஆட்களுக்கு இதன் மறுபக்கம்தான் தொல்லை, அவர்களுக்குப் பனிக்காலத்தில் குண்டு கைக்கெட்டும் தூரத்தில் விழும். நமக்கு மத்தியானத்தில் எகிறும். அதுவும் போதாதென்று நீங்கள் தொடர்ந்து படபடவென்று அடித்தால் டேங்க் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். ஏறி இறங்கி ஏறி. வெயிலில் வைத்த சோடாப் போத்தலைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள்தானே.

வேகத்தை அளக்கும் கருவி மைதானத்தில் இருந்தால் காலையில் ஒருமுறை அளந்துவிட்டு நாளெல்லாம் அதை நம்பாதீர்கள். வினாடிக்கு 300 அடிதான் வழக்கமான உச்சவரம்பு, பல மைதானங்களில் 280. காலையில் 285இல் வைத்த மார்க்கர் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு 300ஐத் தாண்டியிருக்கலாம். எதிரே நிற்பவன் முகக்கவசம் போட்டிருந்தாலும் கழுத்து இருக்கிறது.

கரியமில வாயுவை அழுத்தம் பார்த்து நிரப்புவதில்லை, எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். 20 அவுன்ஸ் என்றால் 567 கிராம், அதற்கு மேல் ஒரு கிராமும் கூடாது. தராசு இல்லாமல் குத்துமதிப்பாக நிரப்பித் தருகிற இடங்களுக்குப் போகாதீர்கள். கூடிப்போன டேங்க் காரின் டிக்கியில் வெயிலில் கிடந்தால், அழுத்தம் மிஞ்சினால் பிய்வதற்கென்றே வைத்த பாதுகாப்புத் தகடு பிய்ந்து முழு வாயுவையும் வெளியே விடும், டிக்கிக்குள் பனி கொட்டும். காற்று டேங்க் இந்த விஷயத்தில் சாதுவானது. 200 பார் நிரப்பியதை 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினாலும் 220 அளவில் நின்றுவிடும். அதற்காக அதையும் டிக்கியில் விட்டுவிட்டுக் காலி முகத்தில் காற்று வாங்கப் போகாதீர்கள்.

உங்கள் மார்க்கர் காற்றிலும் ஓடும் வகையாகத்தான் இருக்கும். காற்றுக்கு மாறிவிடுங்கள். ஆனால் இதே டேங்கை அதற்கு வைத்துக்கொள்ள முடியாது. கரியமில டேங்கில் காற்று ஏற்றுவதும் காற்று டேங்கில் கரியமிலம் ஏற்றுவதும் இரண்டும் தவறு.

தெமட்டகொடையிலிருந்து: டேங்கை மார்க்கரில் மாட்டியதும் ஸ்ஸ் என்று சத்தம். ஒரு மணித்தியாலத்தில் காலி. எண்ணெய் போட்டால் சரியாகும் என்றார் நண்பர்.

நண்பரை எண்ணெய் போத்தலோடு தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். டீசல் இஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது தெரியும்தானே? காற்றை வேகமாக அழுத்தினாலே டீசல் பற்றும். நிரப்பும் முனையில் ஒரு துளி எண்ணெய் இருந்து, அதன் மேல் 200 பார் காற்று பாய்ந்தால் அங்கேயும் அதுதான் நடக்கும். நிரப்பும் முனைக்கு எண்ணெயும் இல்லை, கிரீஸும் இல்லை. ஒரு சுத்தமான துணி மட்டும். நிரப்புவதற்கு முன்னால் துடையுங்கள், பிறகு மூடியைப் போடுங்கள். மணல் ஒன்று உள்ளே போனால் அங்கேயும் கசியும்.

மாட்டிய பிறகுதான் சத்தம் என்கிறீர்கள். அப்படியானால் பத்தில் ஒன்பது தரம் குற்றவாளி டேங்கின் நுனியில் இருக்கும் ஓ-ரிங் என்ற சின்ன வளையம். கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு இடத்தில் பல்லால் கடித்தாற்போல வெட்டு இருக்கும். அளவு 015. கடையில் 015 என்று மட்டும் கேட்டால் கறுப்பு ரப்பர் ஒன்றை நீட்டுவார்கள். நானே ஒருமுறை அவசரத்துக்குப் பஞ்சிகாவத்தையில் ஒரு பிடி வாங்கி வந்து மருமகனிடம் திட்டு வாங்கினேன். இரண்டாம் தரம் மாட்டும்போதே பிய்ந்துவிட்டது. யூரிதேன் என்று கேளுங்கள், கடினம் 90. பெரும்பாலும் அரைத் தெளிவாக, சில நிறமாக இருக்கும். விரலால் நசுக்கினால் எளிதில் மசியாது. பத்து வாங்கி மார்க்கர் பையில் போட்டு வையுங்கள்.

அது ஏன் வெட்டுப்படுகிறது என்பதையும் பாருங்கள். அழுத்தத்தோடு கழற்றுகிறீர்கள். அரைச் சுற்று, முக்காற் சுற்று திருகியதும் டேங்கின் வாயை அடைக்கும் ஊசி மூடிக்கொள்ளும், சத்தமும் நிற்கும். அப்போது பாதுகாப்பான பக்கம் குறிவைத்து, குண்டில்லாமல் இரண்டு மூன்று தரம் அடித்து, மார்க்கருக்குள் மிச்சமிருக்கும் காற்றைத் தீர்த்துவிட்டு மிச்சத்தைக் கழற்றுங்கள். இரண்டு கையும் முக்கி முக்கிக் கழற்ற வேண்டியிருந்தால் உள்ளே காற்று இருக்கிறது.

ஓ-ரிங் மாற்றியும் நிற்கவில்லை என்றால் எந்தச் சவர்க்காரத்தையாவது கரைத்து நுரையைத் தூரிகையால் தடவுங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கே கசிவு. ரெகுலேட்டரின் பக்கத்தில் இரண்டு சின்னத் திருகு போல இருப்பவை பாதுகாப்புத் தகடுகள். 3000 டேங்கில் உயர் அழுத்தப் பக்கத்துக்கு 5000, 4500 டேங்கில் 7500. தாழ்ந்த பக்கத்துக்கு இரண்டிலும் 1800. அங்கிருந்து குமிழி வந்தால் மாற்ற வேண்டும், அதே எண்ணால். 3000 டேங்கில் 7500 தகட்டைப் போட்டு "இனிப் பிய்யாது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பிய்யாதுதான். பிய்யப் போவது வேறொன்று. 1800 தகடு திரும்பத் திரும்பப் பிய்கிறதென்றால் ரெகுலேட்டர் அழுத்தத்தைப் பிடிக்கவில்லை. அது வீட்டில் திறக்கிற சாமான் இல்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து: ரொறன்ரோவிலிருந்து வரும் சித்தப்பாவிடம் டேங்க் கொண்டுவரச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் கடையில் வாங்கும்போதே ரெகுலேட்டரைக் கழற்றித் தனியாக வாங்கச் சொல்லுங்கள். வாய் திறந்த வெறும் போத்தல் என்று கண்ணால் பார்த்தால்தான் விமானத்தில் விடுவார்கள். சில விமானக் கம்பனிகள் அப்படியும் மாட்டேன் என்கும். டிக்கெட் போடும்போதே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். இங்கே வந்த பிறகு தெரிந்த ஒருவரைக் கொண்டு பொருத்துங்கள், பொருத்திய இடத்தில் மறக்காமல் கியூடெக்ஸ் கோடு. மார்க்கரையும் சேர்த்துக் கொண்டுவரும் யோசனை இருந்தால் முதலில் சுங்கத்தில் விசாரியுங்கள். விமானநிலையத்தில் அதைத் துவக்கு என்று சித்தப்பா வாய்தவறிச் சொல்லிவிட்டால் உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு அவர் வந்து சேர மாட்டார்.

மீண்டும் வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கத் தொடர்மாடியிலிருந்து: மழைக்காலத்தில் நாலு மாதம் விளையாட மாட்டோம். டேங்கை எப்படி வைப்பது? சும்மா இருக்கிற நேரத்தில் டீம் நிறத்தில் பவுடர் கோட்டிங் அடித்துவிடலாமா?

முழுக்கக் காலியாக்காதீர்கள். முள் கொஞ்சம் எழுந்து நிற்கட்டும், 300, 400 பிஎஸ்ஐ போதும். உள்ளே அழுத்தம் இருக்கும் வரை ஈரக் காற்று நுழையாது. உங்கள் வீட்டு யன்னல் கம்பிகளை உப்புக் காற்று என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள், அதையே டேங்கின் மரைகளிலும் கேஜின் கண்ணாடிக்குப் பின்னாலும் செய்யும். வைப்பதற்கு முன் ஈரத்துணியால் சாயத்தைத் துடைத்து, உலரவிட்டு, உறையைக் கழற்றி வையுங்கள். நனைந்த உறைக்குள் நாலு மாதம் கிடந்தால் அடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். சாயம் தண்ணீரில் போகும், தின்னர் தேவையில்லை. குழாயடியில் பிடித்துக் கழுவவும் வேண்டாம், ரெகுலேட்டருக்குத் தண்ணீர் ஆகாது.

பவுடர் கோட்டிங் கூடவே கூடாது. அதை அடுப்பில் 200 பாகை அளவில் வேகவைப்பார்கள். அலுமினியத்துக்கு இந்த வலிமையைக் கொடுத்ததே கணக்காகக் காட்டிய சூடு. அதை இன்னொரு தரம் கணக்கில்லாமல் சூடாக்கினால் பார்வைக்கு அதே போத்தல், உள்ளே வேறு உலோகம். கார்பன் ஃபைபரின் பிசினைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டீம் நிறம் வேண்டுமானால் அந்த நிறத்தில் உறை தைத்துப் போடுங்கள். ஸ்டிக்கரும் ஒட்டலாம், திகதி குத்தியிருக்கும் இடத்தை மறைக்காமல்.

அடுத்த மாதம் வீட்டுத் தண்ணீர் மோட்டார்க் கடிதங்கள். ஏற்கெனவே பதினொன்று வந்து கிடக்கின்றன, அதில் ஏழு பேருக்கு ஒரே வருத்தம்.